தரையில் அமர்ந்தவரின் பெயர்

ஆலய நூற்றாண்டு மலர்களுக்கும் பள்ளி விழா மலர்களுக்கும் கதை எழுத முன்வருவோரிடம் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுக்கிறார்கள். அதில் ஏதேனும் ஒரு முகம் மனத்தைத் தொட்டால் அம்முகத்துக்கு ஒரு பெயர் சூட்டுகிறார்கள். அந்தப் பெயருக்கு ஒரு காதல், ஒரு துரோகம், இறுதியில் ஒரு மனமாற்றம். 'வரலாற்றுப் புனைவு' என்று தலைப்பிட்டு, எடுத்த படத்தையே கதையின் உச்சியில் அச்சிட்டும் விடுகிறார்கள். எழுத்துப் பயிற்சி தருவோரும் இதனையே எளிய வழியாகக் கற்பிக்கின்றனர். "படத்தை உற்றுப் பார், அது உன்னோடு பேசும்" என்பது அவர்கள் தரும் தாரக மந்திரம்.

படம் பேசாது. பேசுகிறவர் எழுத்தாளர்தாம். தம் குரலைப் பிறர் வாயில் வைத்துவிட்டு, அவரே பேசினார் என்று நம்மை நம்பச் சொல்கிறார். இவ்வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். புனைவை எதிர்க்கிறோம் என்று எவரும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். உவமைகளால் பேசிய ஆண்டவரைப் பின்பற்றும் நமக்குக் கற்பனைக் கதையின் மேல் பகை இருக்க இயலாது. உண்மையான ஒரு மனிதரின் முகத்தை எடுத்து, கேட்பாரில்லை என்ற துணிவில் அதன்மேல் பொய்யை ஒட்டுவதே நமக்கு உடன்பாடில்லாதது.

முதலில் படம் என்ன சொல்கிறது என்பதையே பார்ப்போம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் நம் பங்கு இல்லங்களின் சுவர்களில் தொங்கும் பழைய படங்களுக்கு ஒரே அமைப்பு. நடுவில் நாற்காலி. அதில் வெண்தாடி வேந்தராக மறைபரப்பாளர். இருபுறமும் உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும். பின்வரிசையில் ஆண்கள் நிற்க, முன்னே தரையில் பெண்களும் சிறுவரும் அமர்ந்திருப்பர். கீழே அச்சிட்ட வரியில் நாற்காலியில் இருப்பவர் பெயர் முழுமையாக இருக்கும். நிற்பவருள் இருவர் மூவர் பெயர் இருக்கும். தரையில் அமர்ந்தவர்கள் 'மற்றும் பங்குமக்கள்'. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் எடுத்த படங்களும் இந்த அமைப்புக்கு மாறானவை அல்ல. அங்கே நாற்காலியில் முதலாளி, பக்கத்தில் கணக்கர், ஓரத்தில், சில வேளைகளில் படத்தின் விளிம்பு பாதி உடலை வெட்டிவிட்ட நிலையில், சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள். படத்துக்குப் பணம் கொடுத்தவர் யாரோ அவர் கண்ணால்தான் கருவி பார்த்தது. நூறாண்டு கழித்து அப்படத்தை மட்டுமே மூலதனமாகக் கொண்டு கதை எழுதுகிறவரும், தாம் அறியாமலே, அதே கண்ணை வாங்கிக்கொள்கிறார். அதனால்தான் இவ்வகைக் கதைகளில் கதைத்தலைவர் எப்போதும் நாற்காலியில் இருப்பவராகவே அமைந்துவிடுகிறார்!

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் செல்வருக்குப் பெயரில்லை. வாயிலில் கிடந்த ஏழைக்கு இலாசர் என்று பெயர் உண்டு. நம் படங்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கின. கதையாசிரியர் அதை நிமிர்த்த வேண்டாமா? தரையில் அமர்ந்தவருக்கு 'முனியம்மா' என்றோ 'சவரியம்மாள்' என்றோ கைக்கு வந்த பெயரை இட்டால் நிமிர்த்தியதாகுமா? அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டல்லவா?

புகைப்படக் கலையின் உள்விவகாரம் தெரியாமல் எழுதுவோர் செய்யும் பிழைகள் தனி வகை. கலோடியன் ஈரத்தகட்டுக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நொடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நிலையத்தில் எடுத்த படங்களில் தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி மறைந்திருப்பதும் உண்டு. அவ்வளவு நேரம் புன்னகையைப் பிடித்து வைக்க யாரால் முடியும்? இதை அறியாமல் நம் கதாசிரியர்கள் அக்கால மக்கள் அனைவரையும் ஆறாத் துயரில் ஆழ்த்திவிடுகின்றனர். மேலும் அக்காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தவை. வானம் வெளுத்துவிடும், சிவப்பும் காவியும் கறுத்துவிடும். 1920கள் வரை பெரும்பாலான தகடுகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. திருமணப் படத்தில் மணப்பெண் 'கறுப்புச் சேலையில்' நின்றதாகக் கண்டு, அதற்குள் ஒரு சோக இரகசியத்தைத் தேடி முப்பது பக்கம் எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது செக்கச்சிவந்த கூறைப்புடவையாக இருந்திருக்கலாம். நிலையத்துத் திரையில் தீட்டிய மாளிகைத் தூண்கள், இரவல் கோட்டு, இரவல் பூட்சு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவையெல்லாம் அறியாமையின் பிழைகள். வேண்டுமென்றே செய்தவை வேறு. இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுத விரும்பும் எவரும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைக் கடந்து செல்ல இயலாது. வடஆற்காடு அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. இந்திய அளவில் மாண்டவர் 50 இலட்சத்துக்கும் மேல் என்பதே குறைந்த மதிப்பீடு. அப்பஞ்சத்தின் முகமாக இன்று உலகெங்கும் அறியப்படுபவை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி எடுத்த படங்கள். விலா எலும்பு தெரியும் மக்கள் குழு குழுவாக அமர்ந்தும் படுத்தும் இருப்பார்கள். கண்டோர் கண் கலங்காதிருப்பது அரிது. ஆனால் அவர்கள் தாமாக அப்படி அமரவில்லை, அமர்த்தப்பட்டார்கள். படத்துக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட பசி அது. அவர் செயலைக் கண்டித்த குரல்கள் அக்காலத்திலேயே எழுந்தன. அதே ஹூப்பர் 1886இல் பர்மாவின் மாண்டலேயில், மரண தண்டனை பெற்றோரைச் சுடும் கணத்தையே தகட்டில் பிடிக்க முயன்று விசாரணைக்கும் கண்டனத்துக்கும் ஆளானார். இத்தகைய ஒருவரின் கண்ணை இரவல் வாங்கிப் பஞ்சக் கதை எழுதுகிறவர், தாம் யாருடைய பார்வையைக் கடன் வாங்கினோம் என்பதையாவது அறிந்திருக்க வேண்டாமா?

அப்படங்களில் இல்லாதது எது என்று கேட்டால்தான் நம் வட்டாரம் கண்முன் வரும். பஞ்சத்தில் மனிதர் மட்டும் மடியவில்லை. மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. செத்த மாட்டை உரித்தவர் யார்? அத்தோல்களை மண்டிக்குச் சுமந்தவர் யார்? அவ்வாண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட இருப்புப்பாதை அதற்குள் ஆம்பூரையும் தாண்டி மேற்கே சென்றிருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தோல் கடல் கடந்து போனது. போன வழியெல்லாம் பணம் விளைந்தது. பஞ்சம் ஒருவருக்குச் சாவு, இன்னொருவருக்கு முதல். எழுத வேண்டிய கதை இதுவன்றோ! ஆனால் இதற்குப் படம் இல்லை. குழிக்கரையில் முக்காலியை நாட்டிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்க எந்தத் துரைக்கும் தோன்றவில்லை. நாற்றம் ஒரு காரணமாக இருக்கலாம் (தோல் ஊறும் குழியருகே நின்றவர்களுக்கு இது விளங்கும்). படத்தைப் பார்த்தே எழுதுவேன் என்று விரதம் பூண்டவர் இக்கதையை ஒருபோதும் எழுதப்போவதில்லை.

படமில்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்போர் 1806 ஜூலை 10ஐ நினைத்துப் பார்க்கட்டும். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த அந்த நாளுக்கும், புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839க்கும் இடையே 33 ஆண்டுகள். ஒரு படமும் கிடையாது. ஆயினும் விசாரணைப் பதிவுகள், கடிதங்கள், கோட்டைச் சுவர்கள் என எழுதுவதற்கு எவ்வளவோ கிடைக்கின்றன. பஞ்சத்துக்கும் அவ்வாறே. வில்லியம் டிக்பி என்ற இதழாசிரியர் 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதி வைத்த பஞ்ச வரலாறு இருக்கிறது. பஞ்ச வேலைத்தளங்களில் நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் கூலியாக நிர்ணயித்த ரிச்சர்டு டெம்பிளின் கொள்கையும், அதன்மேல் எழுந்த வாதங்களும் அரசுத் தாள்களில் கிடக்கின்றன. ஓர் இராத்தல் என்பது 450 கிராம். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவனின் கூலி அது. அந்த எண்ணை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு எழுதுகிறவனுக்கு ஹூப்பரின் படம் எதற்கு? அதே ஆண்டுகளில் மாயூரத்தில் நம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைப் பசித்தோருக்கு வாரி வழங்கினார். 1879இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டவரும் அவரே. கஞ்சி ஊற்றிய கையும் கதை எழுதிய கையும் ஒன்றாக இருந்த காலம் அது.

இனி நம் வீட்டுக் குப்பையையும் கிளறுவோம். படத்தில் பொய் கலப்பது துரைமார்களின் தனிச்சொத்து அல்ல. அறப்பணி செய்தோரும் அதில் கைவைத்தனர். இலண்டனில் ஆதரவற்ற சிறுவர் இல்லங்களை நடத்திய பர்னார்டோ, சிறுவர்களை 'வந்தபோது இப்படி, வளர்ந்தபின் இப்படி' என்று இரு படங்களாகக் காட்டி நன்கொடை திரட்டினார். கந்தலைக் காட்டுவதற்காக உடையைக் கிழித்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1877இல் வழக்கைக் கேட்ட நடுவர்கள் அவரைப் பெரும்பாலான பழிகளிலிருந்து விடுவித்தபோதும், உண்மையைக் காட்டுவதாகச் சொல்லிப் புனைந்த படங்களைத் தருவது முறையன்று எனத் தீர்ப்பளித்தனர். நம் தெரு முனை வரைக்கும் வந்த வழக்கம்தான் இது. வெளிநாட்டு உபகாரிகளுக்கு அனுப்பிய படங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அழுக்குச் சட்டையோடு நிற்க வைக்கப்பட்டனர் என்பதை வயதான உபதேசியார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

புனிதர்களும் தப்பவில்லை. சிறுமலர் தெரேசம்மாள் 1897இல் இறந்தார். அவருடைய உடன்பிறந்த சகோதரி செலினே மடத்துக்குள் கருவி வைத்திருந்ததால் உண்மைப் படங்கள் பல இருந்தன. ஆனால் பல்லாண்டுகளாக உலகுக்குக் கிடைத்தவை திருத்தித் தீட்டிய, இனிப்பேற்றிய உருவங்களே. திருத்தப்படாத படங்கள் 1961இல் நூலாக வந்தபோதுதான், களைத்த கண்களும் உறுதியான தாடையும் கொண்ட ஓர் இளம்பெண்ணை மக்கள் கண்டனர். அன்பினால் செய்த திருத்தம்தான். ஆயினும் அறுபதாண்டுக்கும் மேலாக ஒரு பொய்முகம் பீடமேறி நின்றது. இப்போது கைப்பேசியிலேயே இறந்த பாட்டனாரைச் சிரிக்கவும் கண் சிமிட்டவும் வைக்கிறார்கள். செலினே தூரிகையால் செய்ததைச் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் செய்கிறது.

787இல் இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் உருவ வணக்கத்தைப் பற்றி ஒரு தெளிவைத் தந்தது. உருவத்துக்குச் செலுத்தும் மதிப்பு உருவத்துக்கு உரியவரைச் சென்று சேர்கிறது என்பது அதன் போதனை. நம் வீட்டு மாடங்களில் சுரூபம் வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று. மதிப்பு உரியவரைச் சேரும் என்றால் அவமதிப்பும் சேராதா? ஒரு பெண்ணின் படத்தின்கீழ், அவள் செய்யாத பாவத்தைக் கதையாக அச்சிட்டால், அது காகிதத்தோடு நின்றுவிடுமா? பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை, 'இறந்தவர் நீங்கலாக' என்று முடியவில்லை.

ஆம்பூருக்கருகே ஒரு சிற்றூரில் நாம் கண்டது இது. 1930களில் எடுத்ததாகச் சொல்லப்படும் திருவிழாப் படம் ஒன்றை வைத்துப் பங்கு இளைஞர் ஒருவர் கதை எழுதியிருந்தார். பின்வரிசையில் ஒருவர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே வைத்து நிற்கிறார். அதைப் பணிவின் அடையாளமாகக் கண்டு, மறைபரப்பாளரிடம் பெரும் பக்திகொண்ட ஊழியராக அவரைப் படைத்திருந்தார் இளைஞர். நடையும் நன்றாகவே இருந்தது. ஆலய முற்றத்தில் அதைப் படித்துக் காட்டியபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் குறுக்கிட்டார்: "பக்தியுமில்ல ஒண்ணுமில்ல கண்ணு. அவரு எங்க தாத்தா. சுண்ணாம்புக் குழியில எறங்கி எறங்கி வெரலெல்லாம் ஓட்ட விழுந்துடுச்சி. நல்ல நாளும் அதுவுமா போட்டோல கை தெரியக்கூடாதுன்னு ஒளிச்சிக்கினாரு. எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க, சாமி." இளைஞர் வாயடைத்துப் போனார். அவர் எழுதிய எட்டுப் பக்கக் கற்பனைக்கு அந்தப் பாட்டியின் நான்கு வரிகள் ஈடாகவில்லையா? படத்தை நூறு முறை உற்றுப் பார்த்தாலும் அந்தக் கைகள் தெரிந்திருக்காது. படத்தில் இல்லாததே படத்தின் பொருளாக இருந்தது. அதைச் சொல்ல ஒருவர் பத்தடி தூரத்திலேயே உயிரோடு இருந்தார். அவரைக் கேட்கவேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பார் ரிச்சர்டு பவர்ஸ் என்ற அமெரிக்கரைச் சான்று காட்டக்கூடும். 1914இல் அகஸ்டு சாண்டர் என்ற செருமானியர் எடுத்த, மூன்று இளைஞர்கள் கோட்டும் கைத்தடியுமாய் வயல்வழியில் நிற்கும் படமே அவருடைய முதல் நாவலின் ஊற்று. 1985இல் அது வெளிவந்தது. சிறந்த நாவல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பவர்ஸ், படத்தில் மயங்கி அதன் உண்மையைத் தேடி அலையும் ஒருவரையும் நாவலுக்குள்ளேயே வைத்தார். நான் ஊகிக்கிறேன் என்பதை வாசகருக்கு மறைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அப்படத்தின் தலைப்பு அவர்களை இளம் உழவர்கள் என்றது. நாவலின் பெயரும் அதையே சொன்னது. பிற்காலத்தில் தேடிப் பார்த்தபோது அம்மூவரும் இரும்புச் சுரங்கத்தைச் சார்ந்து பிழைத்தவர்கள் என்று தெரியவந்தது. தலைப்பே பொய்த்துவிட்டது! உலகப் புகழ்பெற்ற படத்துக்கே இந்தக் கதி என்றால், பெயரும் ஆண்டும் இல்லாமல் நம் அலமாரியில் கரையான் அரித்துக் கிடக்கும் படத்தை நம்பி என்ன எழுதிவிட முடியும்?

தோல் தொழிலாளரைப் பற்றி எழுதிய நாவல் தமிழில் இல்லாமல் இல்லை. டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' திண்டுக்கல் தொழிலாளரின் கதை. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆசிரியர் பொதுவுடைமையாளர், அவர் கருத்துகள் எல்லாவற்றோடும் நாம் உடன்படுகிறோம் என்பதில்லை. ஆனால் வழக்கறிஞராக அந்த ஊரில் அம்மக்களுக்கிடையே வாழ்ந்து, அவர்கள் வாயால் கேட்டு எழுதினார். பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' நிலமிழந்த தலித் குடும்பத்தின் கதை. அதில் வரும் மண் நம் கால் மிதிக்கும் மண். இவர்கள் எழுதியது காதால். நம் விழா மலர்க் கதைகளோ வெறுங்கண்ணால் எழுதப்படுகின்றன.

கேட்பதற்கு ஆளில்லையே என்றால், ஏடு இருக்கிறது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண் இறப்புப் பதிவேட்டையும் சேர்த்தே கேட்கிறது. பங்கு அலுவலகத்து மரப் பெட்டியில் இலத்தீனில் எழுதிய அந்தப் பழைய ஏடுகளில் நாற்காலியும் இல்லை, தரையும் இல்லை. முதலாளிக்கு ஒரு வரி; குழியில் இறங்கியவனுக்கும் ஒரு வரி. தந்தை பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நாள், ஊர். சிலவற்றில் சாதியையும் எழுதி வைத்தனர். அந்த வெட்கமும் நம் வரலாற்றின் பகுதியே. 'மற்றும் பங்குமக்கள்' என்று படம் தள்ளிவிட்டவர்களின் பெயர்கள் அந்த ஏட்டில் இருக்கின்றன. ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று அடக்கங்கள் பதிவாகியிருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். கற்பனைக்கு அதைவிடக் கனமான விதை வேண்டுமா?

ஏழை வீடுகளில் ஒரே ஒரு படம்தான் இருக்கும். அடக்கத்துக்கு முன் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்த படம். உயிரோடிருக்கையில் படமெடுக்கக் காசில்லாதவருக்கு இறந்தபின் கிடைத்த மரியாதை அது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழக நிலையப் படங்களைத் தேடித் தொகுத்துள்ளது, போற்றத்தக்க பணி. ஆனால் வெளியார் வந்து தொகுப்பது படத்தைத்தான். படத்தின் பெயர்களைச் சொல்ல வேண்டியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களும் ஆண்டுக்குச் சிலராகக் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே மலர்க்குழுவினருக்கு நாம் வைக்கும் நிபந்தனைகள் கடுமையானவையே. படத்தில் உள்ளவர் யாரென்று தேடாமல் அவர் முகத்தின்கீழ் புனைவை அச்சிடக் கூடாது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் கதையை மட்டும் அச்சிடுங்கள். படத்தை வேறு பக்கத்தில், 'இவர்களை அறிந்தோர் தெரிவிக்கவும்' என்ற வரியோடு வையுங்கள். வழித்தோன்றல்கள் ஊரில் இருந்தால் கையெழுத்துப் படியை அவர்களிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். கற்பனையின் சிறகு ஒடிந்துவிடும் என்று அஞ்சுவோர், படத்தை மூடி வைத்துவிட்டு முற்றிலும் கற்பனையாகவே எழுதட்டும், தடையில்லை.

வரும் ஞாயிறுகளில் திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துப் படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, ஆலயத்து மேசைமேல் பரப்பி வைக்க ஏற்பாடாகியுள்ளது. கண் தெரியாத பாட்டிகளைப் பேரப்பிள்ளைகள் கைப்பிடித்து அழைத்து வரட்டும். படத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று பிள்ளைகள் சொன்னால் போதும், மற்றதைப் பாட்டிகள் சொல்வார்கள். சொல்லும் பெயர்களைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.